ஆர்.வி. கன்வெர்ட்டரை நாமே மாற்றுவது: கருப்பு வயரை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்

செப்டம்பர் இறுதியில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸின் டி.எச். டே முகாமில் தங்கியிருந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் ஆர்.வி.யின், அதாவது வண்டியால் இழுத்துச் செல்லும் வீடுபோன்ற டிரெய்லரின், ஹீட்டர் நின்றுவிட்டது. சிலிண்டரில் எரிவாயு இருந்தது. ஹீட்டரின் காற்றாடியைச் சுழற்றும் 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கிப்போயிருந்தது. அந்த முகாமில் மின் இணைப்பு கிடையாது என்பதால், கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் முழுவதும் வீட்டு மின்சாரத்தில் டிரெய்லரைச் செருகியே வைத்திருந்தேன். அப்படியும் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை என்றால், பேட்டரி கெட்டிருக்க வேண்டும், அல்லது அதை நிரப்ப வேண்டிய கன்வெர்ட்டர் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். பலரும் முதலில் புதுப் பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து அளந்து பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் மாறுமின்சாரத்தை விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் காற்றாடி ஆகியவற்றுக்குத் தேவையான 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தந்து, பேட்டரியையும் நிரப்புவது கன்வெர்ட்டர். டிரெய்லரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் கழித்துப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது எனக்கு 12.2 வோல்ட் வந்தது. ஈய அமில பேட்டரிக்கு அது ஏறத்தாழப் பாதி நிரம்பிய நிலை. பிளக்கைச் செருகியபின் அந்த எண் 13.2 முதல் 14.4 வரை ஏதோ ஓரிடத்துக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, அதே 12.2தான். அடுத்து, கன்வெர்ட்டருக்கான 15 ஆம்பியர் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்றும், ஃபியூஸ் பலகையில் தலைகீழ் இணைப்பிலிருந்து காக்கும் இரண்டு பெரிய ஃபியூஸ்கள் எரிந்திருக்கின்றனவா என்றும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கன்வெர்ட்டருக்குள் 120 வோல்ட் போகிறது, வெளியே எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகே புதியது வாங்கினேன்.

எதை வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. எப்போதும் ஒரே வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும் பழைய வகைக் கன்வெர்ட்டர்கள், மாதக்கணக்கில் செருகி வைத்தால் பேட்டரியின் தண்ணீரை வற்ற வைத்துவிடும். ஆகவே பேட்டரியின் நிலைக்கேற்ப வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் சார்ஜர் உள்ளதையே வாங்குங்கள். நான் தேர்ந்தெடுத்தது ப்ரோக்ரஸிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பி.டி. 4655. அது 55 ஆம்பியர் தருவது. அந்த நிறுவனம் இருப்பதும் இதே மிச்சிகனில், மார்ஷல் என்ற சிற்றூரில்தான். இறங்கிய பேட்டரிக்கு 14.4 வோல்ட், வழக்கமான பயன்பாட்டுக்கு 13.6, நெடுநாள் நிறுத்தி வைக்கும்போது 13.2 என்று அது தானே மாறிக்கொள்கிறது. நிறுத்தி வைத்திருக்கும் காலத்திலும் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் 14.4க்கு ஏறி, உள்ளிருக்கும் அமிலம் அடியில் தங்கிவிடாமல் கலக்கிவிடுகிறது. புதிய ஃபியூஸ் பலகையும் அதனுடன் சேர்ந்தே வருவதால், பிரேக்கர்களும் ஃபியூஸ் பலகையும் கன்வெர்ட்டரும் இருக்கும் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற முடிந்தது. ஆனாலும் எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் பெட்டியின் மாதிரி எண்ணைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கருவிகளில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். வயரைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர்களில், நேர்மின்சாரத்தின் ஆம்பியரையும் அளக்கக்கூடிய ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பலவும் மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது என்று அவற்றால் சொல்ல முடியாது. வயரின் மேல் கவ்வவைத்து இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. ஓடும் வண்டியின் அதிர்வில் அவை தளர்ந்துவிடும். 50 ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த இணைப்பு தீயில் போய் முடியும்.

கழற்றுவதற்கு முன்

வெளி பிளக்கைக் கழற்றுங்கள். ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் இருந்தால் அவற்றையும் அணைத்துவிடுங்கள். மாறுமின்சாரம் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறது என்பதை மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் முதலில் பார்த்துவிட்டு, பிறகு பெட்டிக்குள் அளந்து, மறுபடியும் அதே பிளக்கில் பார்ப்பது என் வழக்கம். பேட்டரியை மட்டும் இப்போது கழற்ற வேண்டாம். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான்.

கருப்பு வயர்

நம் ஊரில் வீட்டு வயரிங்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது கண்ணிலேயே பதிந்திருக்கும். கார் பேட்டரியிலும் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். அமெரிக்காவில் 120 வோல்ட் வயரிங்கில் கருப்புதான் ஃபேஸ், வெள்ளைதான் நியூட்ரல், பச்சையோ உறையில்லாத செம்போ எர்த். இதையாவது படித்துத் தெரிந்துகொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் ஆர்.வி.க்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி வயரிலும் கருப்புதான் பிளஸ், வெள்ளைதான் மைனஸ். இரண்டு வகை மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

முதல் தடவை, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். பழைய பலகையிலிருந்து இரண்டு தடித்த வயர்களை உருவி, புதிய பலகையில் கருப்பை மைனஸிலும் வெள்ளையைப் பிளஸிலும் முடுக்கினேன். எடுத்து வைத்த புகைப்படத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கருப்பு மைனஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கடைசியில் பேட்டரியின் மைனஸ் கேபிளை முனையில் தொட்டவுடன் பளிச்சென்று ஒரு தீப்பொறி எழுந்தது. காப்பு ஃபியூஸ்கள் இரண்டும் எரிந்தன. அவை எரிந்ததால்தான் புதிய கன்வெர்ட்டர் தப்பியது.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வெளி மின்சாரம் கழற்றப்பட்டு, பேட்டரி மட்டும் இணைப்பில் இருக்கும்போது, பழைய பலகையில் அந்தத் தடித்த வயர்கள் முடியும் இடத்தில் மீட்டரை நேர்மின்சாரத்துக்கு வைத்து அளந்து பாருங்கள். மீட்டரின் சிவப்பு முனை எதைத் தொடும்போது மைனஸ் குறியில்லாமல் 12 வோல்ட் வருகிறதோ, அந்த வயரின் நிறம் எதுவாக இருந்தாலும் அதன்மேல் உடனே சிவப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள். மற்றதில் வெள்ளை டேப். அதன் பிறகு பேட்டரியின் மைனஸை முதலிலும் பிளஸை அடுத்தும் கழற்றி, கேபிள் முனைகளைத் துணியால் சுற்றி வையுங்கள். கூரையில் சூரியத் தகடு இருந்தால், பேட்டரிக்கு முன்பாகத் தகட்டின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

மாற்றுவது

ஃபியூஸ் பலகையில் உள்ள ஒவ்வொரு வயரிலும் மறைப்பு டேப் ஒட்டி, விளக்கு, பம்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். 120 வோல்ட் பக்கத்தில் கன்வெர்ட்டரிலிருந்து மூன்றே வயர்கள் வரும்: கருப்பு பிரேக்கருக்கு, வெள்ளை நியூட்ரல் பட்டைக்கு, பச்சை எர்த் பட்டைக்கு. வீட்டின் பிரதானப் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் இங்கும் அப்படிச் சேர்த்துவிடக் கூடாது. மின்சாரம் தரும் இடத்தின் பிரதானப் பெட்டியில் அவை ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன, ஆர்.வி.க்குள்ளும் சேர்த்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதி வண்டியின் உலோகச் சட்டத்தின் வழியாகவும் ஓடும்.

தடித்த வயர்களின் நுனியில் செம்பு கறுத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். எல்லா இழைகளும் டெர்மினலுக்குள் போயிருக்க வேண்டும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. கையேட்டில் சொல்லியுள்ள இறுக்கத்துக்கு முடுக்கியபின், ஒவ்வொரு வயரையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். என் டிரெய்லரில் பழைய வெள்ளை வயர் இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. உறை ஓர் அங்குலத்துக்குப் பழுப்பேறி, நகம் பட்டால் பொடிந்து விழும் அளவுக்குக் கருகியிருந்தது. வயர் நீளம் எஞ்சியிருந்ததால் வெட்டிச் சரிசெய்ய முடிந்தது.

பேட்டரியை இணைக்கும் முன் ஒரு சோதனை

பேட்டரி இன்னும் கழற்றியபடியே இருக்கட்டும். அதன் கேபிள் முனைகள் ஒன்றையொன்றோ சட்டத்தையோ தொடாதபடி தள்ளி வைத்துவிட்டு, பேட்டரி சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு, வெளி மின்சாரத்தைக் கொடுங்கள். பலகையில் 13.6 வோல்ட் வர வேண்டும். பிறகு வண்டியின் முன்பக்கம் போய், பேட்டரியின் பிளஸுக்குப் போக வேண்டிய கேபிளில் மீட்டரின் சிவப்பு முனையையும் மைனஸ் கேபிளில் கருப்பு முனையையும் வையுங்கள். அங்கும் 13.6 வந்தால் எல்லாம் சரி. மைனஸ் குறி வந்தாலோ எதுவுமே வராவிட்டாலோ நிறுத்திவிட்டு வயர்களை மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் இணைத்துவிட்டு, மீண்டும் செருகுங்கள். என் பேட்டரிக்குள் முதலில் 30 ஆம்பியருக்கு மேல் போய், சில மணி நேரத்தில் படிப்படியாகக் குறைந்தது.

பின்னர் சேர்த்தவை

இதைப் பார்த்துச் செய்த நண்பர் ஒருவருக்குப் பலகையில் 13.6 வந்தும் பேட்டரியில் 12.3க்கு மேல் ஏறவில்லை. பேட்டரிக்கு அருகில், வண்டியின் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் சிறிய பிரேக்கர்தான் காரணம். மழையிலும் உப்புச் சாலையிலும் அடிபட்டு அதன் திருகுகள் பச்சை பூத்திருந்தன. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. எனவே பலகையிலும் பேட்டரியிலும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு இதே கன்வெர்ட்டர் போதுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 முதல் 14.6 வோல்ட் வரை வேண்டும், இதுவோ வழக்கமான பயன்பாட்டில் 13.6லேயே நிற்கும் என்பதால், அதற்கென்றே வரும் மாதிரியையோ, இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ளதையோ வாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. மிச்சிகன் குளிர்காலத்தில் வெளியே நிற்கும் வண்டியில், தானே சூடேற்றிக்கொள்ளும் பேட்டரியாக இல்லாவிட்டால், அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

இன்னொருவருக்குச் சிறிய ஜெனரேட்டரில் ஏர் கண்டிஷனரும் கன்வெர்ட்டரும் சேர்ந்து ஓடும்போது சுமை தாங்காமல் நின்றது. 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றும்போது 120 வோல்ட் பக்கத்தில் சுமார் 8 ஆம்பியர் எடுக்கும். பேட்டரி ஓரளவு நிரம்பும்வரை கன்வெர்ட்டரை மட்டும் ஓடவிட்டு, பிறகு ஏர் கண்டிஷனரைப் போடச் சொன்னேன்.

முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும், பேட்டரியையும் வெளி மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, டெர்மினல் திருகுகள் அனைத்தையும் மறுபடி முடுக்கினேன். இரண்டு திருகுகள் கால் சுற்றுக்கு மேல் உள்ளே போயின.