நிற்காமல் வரும் தரவை எண்ணுவது எப்படி?

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ரிங் ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், நூல் அறுந்தால் சென்சார் உடனே ஒரு வரி அனுப்பும்: நேரம், மெஷின் எண், ஸ்பிண்டில் (நூல் சுற்றும் தண்டு) எண். மூன்று ஷிப்டிலும் இது ஓயாது. இப்படி வந்துகொண்டே இருப்பதுதான் டேட்டா ஸ்ட்ரீம். இதைச் சேர்த்து வைத்துவிட்டு எண்ணக் கூடாது, வரவர எண்ண வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகள் பைத்தான் நிரல்மொழியில் ரீட் என்று கொடுத்து மொத்த ஃபைலையும் மெமரியில் ஏற்றப் பார்ப்பார்கள். 8 ஜிபி ராமில் 20 ஜிபி ஃபைல் எப்படி ஏறும்? அந்தச் சோலியே வேண்டாம். ஃபைலைத் திறந்து ஃபார் லூப்பில் விடுங்கள், ஒவ்வொரு வரியாக வரும். எண்ணியதும் அந்த வரியை விட்டுவிடலாம். மெஷினுக்கு ஒரு எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் போதும். சராசரிக்குக் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும், அதிகபட்சத்துக்கு ஒரே ஒரு எண். ஆனால் வரிசைப்படுத்துவது இப்படி நடக்காது, அதற்கு எல்லா வரியும் வேண்டும்.

லினக்ஸ் என்றால் டெயில் கட்டளையில் எஃப் போட்டால் ஃபைலில் புதிதாகச் சேரும் வரிகள் வந்துகொண்டே இருக்கும். அதை பைப் வழியாக, வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கும் கிரெப்புக்கு அனுப்பலாம். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு ஊட்டும் இந்த பைப், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1973லேயே வந்த வசதி, இன்றைக்கும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கிரெப்பை அடுத்த நிரலோடு இணைத்ததும் எதுவும் வராதது போல இருக்கும். பயப்பட வேண்டாம், கிரெப் வரிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளுகிறது. லைன் பஃபர்டு என்ற ஆப்ஷனைக் கொடுங்கள், உடனுக்குடன் வரும். அடுத்த நிரல் மெதுவாக ஓடினால் பைப் நிறைந்துவிடும். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கேபிதான். நிறைந்தால் அனுப்பும் நிரல் காத்திருக்கும். ஆனால் மெஷின் காத்திருக்காது. அதனால் சென்சார் வரிகளை முதலில் டிஸ்கில் எழுதிவிட்டு, அங்கிருந்து வரவரப் படியுங்கள்.

சரி, முடிவே இல்லாத தரவுக்குக் கணக்கு முடிப்பது எப்போது? 15 நிமிடத்துக்கு ஒருமுறை முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். இந்தத் துண்டுக்கு விண்டோ என்று பெயர். நெட்வொர்க் மந்தமாக இருந்தால் காலை 5.59க்கு அறுந்த நூலின் வரி 6.01க்கு வந்து சேரும். வந்த நேரத்தை வைத்து எண்ணினால் இரவு ஷிப்டின் அறுப்பு காலை ஷிப்ட் ஆட்கள் தலையில் விழும். உழைக்கிற ஆளுக்கு அது பெரிய அநியாயம். வரிக்குள் எழுதியிருக்கும் நேரத்தையே எடுங்கள். விண்டோவை உடனே மூடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் பிந்தி வருவதைத் தூக்கிப் போடாமல் தனி ஃபைலில் எழுதி, ஷிப்ட் கணக்கில் கையெழுத்து வாங்கும் முன் சூப்பர்வைசரிடம் காட்டிவிடுங்கள்.