தாளத்தின் ஓசை தேயாமல் காணொளியைச் சுருக்குவது எப்படி

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் நடக்கும் நாகஸ்வரக் கச்சேரிகளைப் பல ஆண்டுகளாகப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றி வருகிறேன். ஒரு திருவிழாவில், சுவாமி புறப்பாட்டுக்கு முன் மண்டபத்தில் வாசித்த தோடி கீர்த்தனையும் தவில் தனியுமாக இருபது நிமிடப் பதிவை ஏற்றிவிட்டு, வாசித்த வித்வானிடம் காட்டப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்டார். பாதியில் நிமிர்ந்து, "தம்பி, தாளம் போடுகிற பையன் அன்றைக்கு வந்திருந்தானே? ஓசையைக் காணோமே" என்றார்.

படத்தில் அந்தப் பையன் அவருக்குப் பின்னால்தான் இருந்தான். கை அசைவது தெரிந்தது. கையில் தட்டும் வெண்கலத் தாளத்தின் 'ஜிங்' என்ற நாதமும் அது அடங்கும் வரை நீளும் ரீங்காரமும் இல்லை. ஈர மணலைத் தேய்ப்பது போன்ற ஒரு சரசரப்பு மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து மூலப் பதிவைக் கேட்டேன். அதில் தாளம் தெளிவாக இருந்தது. ஆக, கெடுத்தது நான் சுருக்கிய விதம்தான்.

அன்றைக்கு நான் செய்தது இது. கேமரா வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் எழுதிய கோப்பு, ஏறத்தாழ 7.5 ஜிபி. வீட்டு இணைய வேகத்துக்கு அது பெரிது என்று கைப்பேசியில் ஓர் இலவசச் செயலியில் போட்டு 300 எம்பி ஆக்கினேன். செயலி படத்தோடு ஒலியையும் வினாடிக்கு 64 கிலோபிட்டுக்குக் குறைத்திருந்தது. என்னிடம் கேட்கவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒலியைக் குறைப்பது எவ்வளவு வீண் என்று புரியும். இருபது நிமிடம் என்றால் 1,200 வினாடி; எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி. முழு எச்டி படத்தை வினாடிக்கு 8 மெகாபிட்டில் வைத்தால் 1,200 எம்பி ஆகிறது. ஒலியை 384 கிலோபிட்டில் வைத்தால் 57.6 எம்பி, 128 கிலோபிட்டில் வைத்தால் 19.2 எம்பி. நாம் மிச்சம் பிடிப்பது நாற்பது எம்பிகூட இல்லை. மொத்தக் கோப்பில் மூன்று சதவீதம்தான். அந்த மூன்று சதவீதத்துக்காகக் கச்சேரியின் உயிரைக் கொடுத்துவிடுகிறோம். கோப்பைக் குறைக்க வேண்டுமானால் படத்தில் கை வையுங்கள், ஒலியைத் தொடாதீர்கள். மேளக் கச்சேரியில் கலைஞர்கள் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், கேமராவும் முக்காலியில் அசையாமல் நிற்கிறது. அசைவு குறைந்த படம் நன்றாகச் சுருங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தீவட்டியும் கூட்டமுமாக நகரும் புறப்பாட்டுக்குத்தான் படத்துக்கு அதிக இடம் வேண்டும்.

தாளம் மட்டும் ஏன் முதலில் அடிபடுகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஏஏசி போன்ற ஒலி சுருக்கும் முறைகள் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காதுக்கு எது முக்கியம் என்று கணிக்கின்றன. பெரிய ஓசைக்கு அடியில் இருக்கும் சிறிய ஓசை நமக்குக் கேட்காது என்ற அடிப்படையில் அதற்குக் குறைவான பிட் ஒதுக்குகின்றன. நாகஸ்வரத்துக்கு முன்னால் தாளம் சிறிய ஓசை. பிட் தாராளமாக இருந்தால் இரண்டுக்கும் பங்கு கிடைக்கும். 64 கிலோபிட்டில் தாளத்துக்கு மிஞ்சுவது சரசரப்புதான். தவிலுக்கு வேறொரு கேடு. ஏஏசியின் வழக்கமான துண்டு 1,024 மாதிரிகள் (ஒலியை அடுத்தடுத்து அளந்து எழுதிய எண்கள்) கொண்டது, 48 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 21 மில்லி வினாடி. திடீர் ஓசை வந்தால் 128 மாதிரிகள் கொண்ட சின்னத் துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும். பிட் போதாதபோது அப்படியும் சமாளிக்க முடியாமல், பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவிவிடுகிறது. அடி விழுவதற்கு முன்பே ஒரு மங்கல் ஓசை எழும். விரல்களில் கூடு போட்டு வலந்தலையில் அடிக்கும் அந்தக் கூர்மையான சொல், அதாவது அடியோசை, மழுங்கிப்போகும். பேச்சுக்கு 64 கிலோபிட் போதும், மேளத்துக்குப் போதவே போதாது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கேமராவிலும் ரெக்கார்டரிலும் தானாக ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுவேன். அது இருந்தால் தவில் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் நாகஸ்வரம் உள்ளே போய் வரும். சோதனைக்கு வாசிக்கும்போது உச்ச அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்வேன். கச்சேரி சூடுபிடித்ததும் அது கட்டாயம் மேலே போகும். பதிவின் உச்ச வரம்பான பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எந்த அமைப்பும் மீட்டுத்தராது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு. படத்தொகுப்பு முடியும்வரை அது வேவ் ஆகவே இருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை எம்பி3 ஆக்கி, மறுபடி ஏஏசி ஆக்கி என்று போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கப்போகிறது. அதற்கு முன் நாம் ஒரே ஒரு முறை, அதுவும் தாராளமாகச் சுருக்கினால் போதும்.

சுருக்குவதற்குக் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எம்பி4 வடிவம், படத்துக்கு எச்.264 என்ற சுருக்கும் முறை, தர எண் 21 அல்லது 22. எண் கூடக்கூடக் கோப்பு சிறுக்கும், தரமும் குறையும். கைப்பேசியில் எடுத்த படமாக இருந்தால், வினாடிக்கு எத்தனை படம் என்ற பிரேம் வேகத்தை 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள். கைப்பேசிகள் பிரேம் வேகத்தை மாற்றி மாற்றி எழுதுவதால், தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது கடைசிக் கோர்வையில் கை ஒரு பக்கமும் ஓசை ஒரு பக்கமுமாகப் பிசகும்.

பிறகு 'ஆடியோ' பக்கத்தைத் திறக்காமல் தொடக்கப் பொத்தானை அழுத்தாதீர்கள். மூலக் கோப்பின் ஒலி ஏற்கெனவே ஏஏசி என்றால் 'பாஸ்த்ரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி உள்ளது உள்ளபடி புதிய கோப்புக்குப் போகும், படம் மட்டும் சுருங்கும். வேவ் போன்ற சுருக்கப்படாத ஒலியாக இருந்தால் ஏஏசி, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 320 கிலோபிட் அல்லது அதற்கு மேல். யூடியூப் தன் பரிந்துரையில் ஸ்டீரியோவுக்கு 384 என்கிறது. எச்ஈ-ஏஏசி என்று ஒன்று பட்டியலில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது குறைந்த பிட்ரேட்டுக்காக, அதாவது வினாடிக்குக் குறைவான கிலோபிட்டுக்காக உருவானது.

ஒலியின் உரப்பைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவைத் தாண்டிய ஒலியைத் தானே இறக்கிவிடுகிறது. அதனால் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் போட்டு நெரித்து உரக்கச் செய்வதில் பயனில்லை. உரப்பும் நிற்காது, ராகத்தில் ஒரு சுரம் இழையாக எழும்பி விரியும் அழகும் போய்விடும். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழே இருக்கும்வரை மட்டும் மொத்த அளவை உயர்த்துகிறேன். சுருக்கும்போது உச்சங்கள் சற்று மேலே போவதுண்டு, அந்த ஒரு டெசிபல் அதற்கான இடம்.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். கணினியில் கவனமாகச் செய்த கோப்பை வாட்ஸ்அப் வழியாகத் தங்கள் கைப்பேசிக்கே அனுப்பி, அங்கிருந்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். யூஎஸ்பி கேபிளில் மாற்றுங்கள், இல்லையென்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள்; 2 ஜிபி வரை உள்ளபடியே போகும். வித்வான்களுக்கு நான் அனுப்பும் பிரதி 720 அளவுப் படம், தர எண் 26, ஒலி 192 கிலோபிட். அதற்குக் கீழே ஒலியை இறக்குவதில்லை. இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நிமிடத் துண்டு வெட்டும்போதும் மூலத்திலிருந்தே வெட்டுகிறேன், யூடியூபிலிருந்து இறக்கியதை அல்ல. செயலியின் அமைப்பில் உயர்ந்த தரத்தில் பதிவேற்றும் தேர்வு இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒருமுறை மோனோவில், அதாவது இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். இரண்டு மைக்கை இடைவெளி விட்டு வைத்த பதிவில், இரு பக்க ஒலியும் ஒன்றாகக் கலக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். இயர்போனில் கம்பீரமாகக் கேட்ட தவில், திண்ணையில் வைத்த கைப்பேசியில் அட்டைப்பெட்டி போலக் கேட்கும்.

ஏற்றிய பிறகு நான் கேட்டுப் பார்ப்பது மூன்று இடங்கள். ராகம் தொடங்குமுன் சுருதி மட்டும் தனியாக ஒலிக்கும் சில வினாடிகள், அதில் நடுக்கம் இருக்கக் கூடாது. தவில் தனியில் வேகம் கூடும் இடம், சொற்கள் பிரிந்து விழ வேண்டும். கீர்த்தனையின் நடுவில் தாளத்தின் ரீங்காரம். கம்பி இயர்போனில் கேளுங்கள்; புளூடூத் ஒலியை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது, குறை எங்கே என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

இந்தச் சோதனையை 'பட்டியலிடப்படாதது' என்ற நிலையில் வைத்துச் செய்யுங்கள். யூடியூபில் ஏற்றிய காணொளியை அதே இணைப்பில் வேறு கோப்பாக மாற்ற முடியாது. அந்தத் தோடியை நான் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். தாளம் திரும்ப வந்தது. ஆனால் பழைய பதிவின் கீழே, வித்வானின் தகப்பனார் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த ஒருவர் மலேசியாவிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் போன்ற குறிப்பு இருந்தது. அதைப் படியெடுத்து வைக்கவில்லை, அது போய்விட்டது.