காடும் வெள்ளைக்கல் சுரங்கமும் ஒரே படத்தில்: க்யூஜிஐஎஸ்ஸில் வெளிச்சம் சரிசெய்வது

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்காட்டின் காபித் தோட்டங்களுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் பிழைப்பு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் மலை கரும்பச்சையாக அப்பிக் கிடக்கிறது என்று புதிதாக வேலை கற்க வரும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். படத்தில் கோளாறில்லை. 'மின்/மேக்ஸ்' போட்டிருப்பார்கள்; படத்தின் மிகக் குறைந்த எண்ணைக் கறுப்பாகவும் மிக உயர்ந்த எண்ணை வெள்ளையாகவும் காட்டும் அமைப்பு அது. ஒரு மேகத்துண்டோ அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கமோ இருந்தால் போதும், உச்ச எண்ணை அதுவே பிடித்துக்கொள்ளும்; காட்டுக்கு மிஞ்சுவது இருட்டுதான்.

முதலில் ஏற்காட்டை மட்டும் திரையில் பெரிதாக்குங்கள். பிறகு லேயர் ப்ராப்பர்ட்டீஸ், சிம்பாலஜி. அங்கே 'கியூமுலேட்டிவ் கவுன்ட் கட்' 2–98 வையுங்கள்; இரு முனையிலும் 2 சதவீதப் புள்ளிகள் கணக்கிலிருந்து கழியும். அதோடு விட்டால் பாதி வேலைதான். 'ஹோல் ராஸ்டர்' (முழுப் படம்) என்றிருப்பதை 'கரன்ட் கேன்வாஸ்' (இப்போது திரையில் தெரியும் பகுதி) ஆக்குங்கள். ஒரு டைல், அதாவது ஒரு கோப்பாக வரும் சதுரப் படத்துண்டு, பக்கத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர். காய்ந்த சமவெளிதான் அதில் பெரும்பகுதி; முழுப் படத்தையும் எடுத்தால் எண்ணை அதுவே தீர்மானித்துவிடும். 'அப்டேட்டட் கேன்வாஸ்' மட்டும் வேண்டாம். படத்தை நகர்த்த நகர்த்த எண் மாறும், ஒரே தோட்டம் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம்.

வந்த எண்களைக் குறித்துக்கொண்டு 'யூசர் டிஃபைண்ட்' (நாமே கொடுக்கும் எண்) ஆக்கிவிடுங்கள். மார்ச் படத்துக்கும் நவம்பர் படத்துக்கும் அதே எண்தான். இல்லையென்றால் காடு வறண்டதா, திரை வெளுத்ததா என்று சொல்லவே முடியாது. சென்டினல்-2 படங்களைப் பதப்படுத்தும் முறையில் 2022 ஜனவரி 25-ல் வந்த 04.00 பதிப்பிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் 1000 கூட்டித் தருகிறார்கள். பழைய பதிப்புக் கோப்போடு ஒப்பிடும்போது புதிய கோப்பிலிருந்து அந்த 1000-ஐக் கழித்தாக வேண்டும். பதிப்பு எண் படத்தோடு வரும் மெட்டாடேட்டா விவரக் கோப்பில் இருக்கும்.

இப்போது சுரங்கம் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தெரியட்டும். அதுவும் வேண்டுமென்றால் லேயரை டூப்ளிகேட் செய்து வேறு எல்லை கொடுங்கள். கீழே இருக்கும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் ஸ்லைடர்களை நான் தொடுவதில்லை. எல்லை தாண்டி வெட்டுப்பட்ட விவரத்தை அவை மீட்டுத் தராது.

டிசம்பர், ஜனவரியில் ஒன்று கவனியுங்கள். செயற்கைக்கோள் பத்தரை மணிவாக்கில் கடக்கும்போது வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் வடமேற்குச் சரிவுகள் நிழலில் கிடக்கும். அந்த இருட்டை அடர்ந்த சில்வர் ஓக் மரங்கள் என்று எழுதிவிடாதீர்கள், எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் நிழல் நிழல்தான்.

சேமிக்கும்போது அறிக்கையில் ஒட்ட மட்டும் 'ரெண்டர்ட் இமேஜ்' (திரையில் தெரியும் நிறங்கள்). கணக்குப் போட 'ரா டேட்டா' (அசல் எண்கள்).