மார்கழி ஓடையில் கல்லைத் திருப்பிப் படம் எடுக்க

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைக்கும் எனக்கு அந்த மாதம் முழுக்க ஓய்வு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, குட்லாடம்பட்டிப் பக்கம் சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கலங்கல் தெளிந்து ஓடுவதும் அப்போதுதான். அந்த ஓடைக் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சிகளைப் படம் எடுக்கப் போய்விடுவேன். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு, டீ வடிகட்டி, மெல்லிய பிரஷ், கறுப்புக் குடை. இவை போதும். கையில் கொசு மருந்து பூசியிருக்கக் கூடாது, பூச்சிகளுக்கு அது விஷம்.

முழங்கால் ஆழத்துக்குள், தண்ணீர் சலசலக்கும் இடமாகப் பார்த்து, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்குங்கள். ஓட்டம் போகிற பக்கம் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டால் நழுவுகிறவை அதில் விழும். கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் கல்லின் நிறத்திலேயே ஏதோ நகரும்.

தட்டையாக, பக்கவாட்டில் ஓடினால் அது பெரும்பாலும் மேஃப்ளை என்ற, சிறகு முளைக்கும் வரை தண்ணீரிலேயே வளரும் பூச்சியின் இளம்பூச்சி. வயிற்றின் இருபுறமும் செவுள்கள், வால் பொதுவாக மூன்று. ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு ஓடைப்பூச்சிக்கு வால் இரண்டு. ஆனால் சில மேஃப்ளைக்கும் இரண்டே வால்தான். அதனால் பாதத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்: மேஃப்ளைக்குக் காலுக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. மணலைத் தன் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டியிருப்பது கேடிஸ் என்ற பூச்சியின் புழு. பழைய செப்புக்காசு போல ஒட்டிக் கிடப்பது ஒரு வண்டின் புழு. அதைப் பெயர்க்காமல் கல்லோடு சேர்த்தே படம் எடுங்கள்.

மற்றவற்றைப் பிரஷ்ஷால் தட்டுக்கு மாற்றலாம். ஓடைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பூச்சியின் முதுகு மூழ்கும் அளவு போதும். ஃபிளாஷை நேராக அடித்தால் தண்ணீர் முழுக்க வெள்ளைத் திட்டு. கேமராவிலிருந்து கழற்றி, பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள், முன்னால் ஒரு துண்டு வெள்ளை வேட்டித் துணி. கூட வருகிறவர் குடையைத் தட்டுக்கு மேல் பிடித்தால் வானத்தின் பிரதிபலிப்பு போய்விடும். மேக்ரோ லென்ஸில் அப்பர்ச்சர் 11, ஷட்டர் ஒரு விநாடியில் 200-ல் ஒரு பங்கு வைப்பேன். போனில் எடுக்கிறவர்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டைப் பார்த்துப் போன் படத்தை இருட்டாக்கிவிடும்.

அப்புறம் நேரம். முதல் வருடம் ஒரு மேஃப்ளையை வெயிலில் கால் மணி நேரம் தட்டிலேயே வைத்திருந்தேன். செவுள்கள் படபடவென்று அடித்தன. அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடிப்பது நின்றுபோனது. தேங்கிச் சூடான தண்ணீரில் அது மூச்சுக்குத் தவித்திருக்கிறது. அந்தப் படங்களை இன்று வரை யாருக்கும் காட்டியதில்லை. இப்போது இரண்டு நிமிடம்தான் கணக்கு. போதவில்லை என்றால் இரண்டாவது தட்டில் புதுத் தண்ணீர்.

கல்லை எடுத்த குழியிலேயே, அதே பக்கம் அடியில் இருக்கும்படி வையுங்கள். திரும்பும்போது கரையோரச் செடிகளின் இலைகளுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். மேஃப்ளை சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கும். வேறெந்தப் பூச்சி இனத்துக்கும் இன்று அந்தப் பழக்கம் இல்லை. சிறகோடு உரிந்த அந்த மெல்லிய தோல் கிடைத்தால் அவசரமே வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம்.