பழைய டெக்னிக்ஸ் வாங்கினால் முதலில் டோன்ஆர்மைப் பாருங்கள்

என்னுடைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயர் பார்சலில் வந்தபோது, ரெக்கார்டு சுற்றும் தட்டான பிளாட்டர் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால், அதைச் சமன்செய்யும் கவுண்டர்வெயிட்டும் மாட்டியபடியே. வழியெல்லாம் குலுங்கியதில் ஆர்ம் அசையும் இடத்திலுள்ள பேரிங் ஆட்டம் கண்டுவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அனுப்புகிறவரிடம் பிளாட்டர், ஹெட்ஷெல் (ஆர்மின் முனைப் பகுதி), கவுண்டர்வெயிட் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, ஆர்மைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

1979இல் வந்த மாடல் இது. பெல்ட் கிடையாது, பிளாட்டரின் அடியில் இருக்கும் காந்தமே மோட்டாரின் ஒரு பகுதி. தேய்வதற்கு அதிகமில்லை, நடுத்தண்டுக்கு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பிளாட்டரைத் தூக்கி வைத்திருக்கும்போது பக்கத்தில் சின்னத் திருகாணிகளைப் போடாதீர்கள், காந்தம் இழுத்துக்கொள்ளும்.

பிளக்கைச் செருகும் முன் பின்பக்க வோல்ட்டேஜைப் படியுங்கள். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 100க்கு இறக்கித் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்; 110 வோல்ட் கொடுப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம்.

அடுத்து, பேரிங். ஹெட்ஷெல்லை விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மெல்ல அசையுங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. தெரியாவிட்டால் ஊசி உள்ள கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லில் மாட்டலாம்.

நான் பயன்படுத்துவது ஆடியோ டெக்னிகா விஎம்95இ. ஹெட்ஷெல்லின் நான்கு வயர்களில் வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது சேனல். ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையம் வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து, கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று முன்னாலிருந்து பார்த்த பிறகு திருகை இறுக்குங்கள். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் 'ஸ' எல்லாம் கரகரக்கும்.

மேஜை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை பிளாட்டர் மேல் வைத்துப் பாருங்கள். கால்களைத் திருகி உயர்த்தலாம்.

இனி ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை. இதில் மட்டும் அவசரமே வேண்டாம். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கை சைபரில் வையுங்கள். ஊசிக் கவசத்தைக் கழற்றுங்கள், பிளாட்டர் சுற்றக் கூடாது. ஆர்மைத் தாங்கியிலிருந்து எடுத்து, ஊசி எதிலும் படாதபடி விரலால் தாங்கிக்கொண்டே கவுண்டர்வெயிட்டைத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் விரலை எடுத்தாலும் ஆர்ம் மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது, அந்தரத்தில் அப்படியே நிற்கும். சமநிலை அதுதான். இப்போது ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றினால் ஆர்ம் எங்கும் தட்டாமல் வெளிப்பக்கம் தானாக நகர வேண்டும். இடையில் நின்று நின்று போனால் பேரிங் அழுக்காகவோ அடிபட்டோ இருக்கிறது.

சரியாக நகர்கிறதா? ஆன்டி-ஸ்கேட்டிங்கை மறுபடி சைபருக்குக் கொண்டுவந்து, ஆர்மைத் தாங்கியில் பூட்டுங்கள். எண் போட்ட வளையத்தை மட்டும் சைபருக்குத் திருப்புங்கள், கவுண்டர்வெயிட் அசையக் கூடாது. அப்புறம் வெயிட்டையும் வளையத்தையும் சேர்த்தே 2 வரை முன்னால் கொண்டுவாருங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் 2இல் வையுங்கள். டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். என் மெஷினில் வளையம் காட்டுவதும் தராசு காட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஊசி ரெக்கார்டில் இறங்கியிருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். ஆர்ம் குழாய் ரெக்கார்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியைத் தூக்கி ஆர்மைத் தாங்கியில் வைத்துவிட்டு, அடியிலுள்ள பூட்டைத் தளர்த்தி உயர வளையத்தைத் திருப்புங்கள். பூட்டோடு பலவந்தமாகத் திருகினால் வளையம் கெட்டுவிடும்.

ஆம்ப்ளிஃபயரில் ஹம் என்ற உறுமல் கேட்டால், சிக்னல் வயரோடு வரும் மெல்லிய எர்த் வயர் விட்டுப்போயிருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ உள்ளீட்டுக்குப் பக்கத்துத் திருகில் மாட்டுங்கள்.

வேகத்துக்கு, பிளாட்டர் ஓரத்தில் வெளிச்சம் போடும் ஸ்ட்ரோப் விளக்கைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர் நடுவில், பச்சை விளக்கு எரியும்போது பிளாட்டர் ஓரத்துப் பெரிய புள்ளிகள் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் நான் கடைசியாக நம்புவது காதைத்தான். தம்புரா சுருதி நீளமாக ஒலிக்கும் கச்சேரி ரெக்கார்டு ஒன்றைப் போடுவேன். சுருதி கொஞ்சமும் ஆடாமல் நின்றால் அன்றைக்கு வேலை முடிந்தது. நடு ஓட்டைக்கு நெருக்கமாக இருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் குரல் கிழிந்தால், மறுபடி ஸ்கேலை எடுத்து 52 மில்லிமீட்டரிலிருந்து தொடங்குவேன்.