பல்லுப் புடுங்கப் போறீங்களா? மேல் பல்லுக்கு ஒரு ஊசி, கீழ்க் கொடுப்புக்கு வேற ஊசி

பல்லுப் புடுங்க வாற ஆக்கள்ல கனபேர் பயப்படுறது ஊசிக்குத்தான், அதோட "பக்கத்து வீட்டு மாமிக்கு லேசா முடிஞ்சிட்டு, எனக்கு மட்டும் ஏன் மூணு தரம் குத்தின" எண்டு மனக்குறை வேற. நான் பல் டொக்டர், அதுக்குரிய காரணத்த கதிரையில ஏற முதலே தெரிஞ்சிருந்தா பயம் பாதி குறையும் எண்டுதான் இத எழுதுறன். எந்தப் பல்லு, அது எந்த எலும்புல இருக்கு எண்டத வச்சுத்தான் விறைப்பூசி போடுற இடமே மாறுற.

மேல் தாடையில வெளிப்பக்க எலும்பு மெல்லிசு, சின்னச் சின்ன ஓட்டையும் இருக்கு, அதால பல்லு வேரடிக்கு நேரா, சொண்டுக்கும் முரசுக்கும் இடையில மருந்த விட்டா அது எலும்புக்குள்ள ஊறிப்போய் சில நிமிஷத்துல விறைச்சிடும். மறுகா மேலண்ணத்துல ஒரு சின்ன ஊசி, உண்மையச் சொன்னா அதுதான் நோகும், ஏனெண்டா அந்தச் சதை எலும்போட இறுக்கி ஒட்டியிருக்கு, மருந்து போக இடமில்ல. ஆனா போடுற மருந்து கொஞ்சம்தான், சில செக்கன்ல முடிஞ்சிடும், டொக்டர் அந்த இடத்த முதல்ல அமுக்கிப் பிடிச்சா நோவும் குறையும். அத வேணாம் எண்டு மட்டும் சொல்லாதீங்க, புடுங்கக்குள்ள உள்பக்க முரசு நொந்துடும்.

கீழ்க் கொடுப்புப் பல்லுதான் பெரிய கதை. அங்க எலும்பு தடிப்பு, வேரடியில போட்டா மருந்து உள்ளுக்குப் போகாது, அதால நரம்பு தாடை எலும்புக்குள்ள நுழையிற வாசல்லயே போய் மறிக்கிற, அதத்தான் பிளொக் எண்டுற. வாய் நல்லா ஆவெண்டு திறக்கணும், வாய்க்குள்ள கடைசியில ஊசி ரெண்டு, ரெண்டரை சென்ரிமீட்டர் போகும், எலும்புல தட்டினாப் போல இருக்கும், மறுகா இரத்தக் குழாய்க்குள்ள போகல்ல எண்டு பாக்க ஊசியப் பின்னுக்கு இழுத்துப் பாத்துட்டுத்தான் மருந்த மெதுவா விடுற. அந்த நேரம் தலைய ஆட்டாம, டொக்டர்ர கையப் பிடிக்காம இருங்க. வெளிப்பக்க முரசுக்கு வேற நரம்பு, அதுக்கு இன்னொரு குத்து.

பிளொக் பிடிச்சிட்டா எண்டு அறிய வழி உங்களுக்கிட்டதான் இருக்கு. அந்தப் பக்கக் கீழ்ச் சொண்டும் நாடியும் பாதி மொத்தமா, தடிச்சாப் போல வரணும். நாக்கு மட்டும் விறைச்சு சொண்டு விறைக்கல்ல எண்டா பிளொக் சரியாப் பிடிக்கல்ல, அத வெக்கப்படாம சொல்லுங்க. அந்த வாசல் இருக்கிற இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், கைதேர்ந்த டொக்டருக்கும் தப்புறதுண்டு, திரும்பக் கொஞ்சம் மேல போட்டாச் சரி. 1973ல கௌ-கேட்ஸ் எண்ட அவுஸ்திரேலியப் பல் டொக்டர் இன்னும் மேல, தாடை மூட்டுக் கழுத்துக்கிட்டப் போடுற முறையச் சொன்னவர், அது பிடிக்கக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். 1977ல அக்கினோசி எண்ட இன்னொரு பல் டொக்டர் வாய மூடி வச்சபடியே போடுற முறைய எழுதினவர், கடைசிப் பல்லு வீங்கி வாய் திறக்க ஏலாம வாற ஆக்களுக்கு அது பெரிய உதவி.

இன்னொரு முறை, பல்லுக்கும் எலும்புக்கும் இடையில உள்ள சவ்வுக்குள்ள ஒரு வேருக்கு 0.2 மில்லிலீட்டர் மட்டும் அழுத்தி விடுற. உடனே விறைக்கும், சொண்டு நாக்கு விறைக்காது, இரத்தம் உறையாத வருத்தம் உள்ள ஆக்களுக்கு ஆழமா குத்துறதவிட இது பாதுகாப்பு. ஆனா கெதியா விட்டுடும், அதால பெரும்பாலும் மற்ற ஊசிக்குத் துணையாத்தான் போடுற.

மருந்து அநேகமா 2 வீத லிக்னொகெயின், அதோட 80,000ல ஒரு பங்கு அட்ரினலின். அட்ரினலின் இரத்தக் குழாயச் சுருக்கி மருந்த அங்கேயே வச்சிருக்கும், சிலருக்கு கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், அது அடங்கிடும். இருதய வருத்தம், பிரஷர் உள்ள ஆக்கள், புள்ளத்தாச்சி, இரத்தம் உறையாம இருக்க வோபரின் குளிசை குடிக்கிற ஆக்கள் எல்லாரும் முதலே சொல்லணும், கிளினிக் கொப்பியையும் இரத்தம் உறையிற வேகத்தக் காட்டுற கடைசி ஐஎன்ஆர் ரிப்போர்ட் இருந்தா அதையும் கையோட கொண்டு வாங்க.

சீழ் கட்டின இடத்துல அமிலத்தன்மை கூட, அங்க விறைப்பூசி சரியா வேலை செய்யாது. சில நேரம் சீழ வடிய விட்டுத்தான் புடுங்க வேண்டி வரும், அதால வீங்கும் வரைக்கும் பனடோல் போட்டுக்கொண்டு வீட்ட இருக்காதீங்க.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸுல வெறும் வயித்தோட வாற ஆக்கள நினைச்சா எனக்குக் கவலை, மயங்கி விழுறதுக்கு பயத்தோட அந்தப் பசியும் ஒரு காரணம். சாப்பிட்டுட்டு வாங்க, சீனி வருத்த மருந்த வழமை போலப் போடுங்க.

விறைச்சாப் பிறகும் அமுக்கிறதும் தள்ளுறதும் தெரியும், சத்தமும் கேக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். சுள்ளெண்டு நொந்தா இடக்கைய உயர்த்துங்க, டொக்டர் நிப்பாட்டி இன்னும் மருந்து போடுவார்.

பல்லு விறைப்பு ஒரு மணித்தியாலம் மாதிரி, சொண்டு விறைப்பு மூணு தொடக்கம் அஞ்சு மணித்தியாலம் நிக்கும். அது விடும் வரைக்கும் சுடச்சுடத் தேத்தண்ணி வேணாம், விட்டாப் பிறகு குளிர்ந்த எருமைத் தயிரு சாப்பிட நல்லம். சின்னப் புள்ளைகள் விறைச்ச சொண்டக் கடிச்சுப் புண்ணாக்கிப் போடுவாங்க, பக்கத்துல இருந்து பாருங்க. ஊசி போட்ட பக்கத்துக் கண்ண மூட ஏலாம வந்தா உடனே டொக்டருக்கிட்டச் சொல்லுங்க, மருந்து முக நரம்புல பட்டிருக்கும், சில மணித்தியாலத்துல திரும்பிடும், அது வரைக்கும் கண்ணுல தூசி படாமப் பாக்கணும். அடுத்த நாளும் நாக்கோ சொண்டோ விறைப்பு விடல்ல எண்டா திரும்பப் போய்க் காட்டுங்க.