படைப்புவாதியுடன் மேடையேறும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்களைக் கடவுளே இன்றிருக்கும் வடிவில் படைத்தார் என்று சொல்பவர்கள் படைப்புவாதிகள். அவர்களோடு விவாதிக்க, பரிணாமத்தின் பக்கம் நின்று பேசப் புதிதாக வருபவர்கள் படிக்காமல் வருவதில்லை. மரபணு, புதைபடிவம், இயற்கைத் தேர்வு எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. அப்படியும் அரை மணி நேரத்தில் எதிராளி அரங்கத்தைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டுகளை மாற்றிச் சொல்வது, "குரங்கு இன்னும் ஏன் குரங்காகவே இருக்கிறது?" என்ற கேள்விக்குத் திணறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு மேடை ஏறினால் அவை தாமாகச் சரியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லக் கிளம்புவது

டுவேன் கிஷ் என்ற அமெரிக்கப் படைப்புவாதி உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மேடையில் கெட்டிக்காரர். மூச்சுவிடாமல் குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டே போவார். இந்த உத்திக்கு 'கிஷ் கேலப்' (கிஷ்ஷின் நாலுகால் பாய்ச்சல்) என்று 1994-ல் பெயர் சூட்டியவர், படைப்புவாதத்தை நீண்ட காலம் எதிர்த்து வந்த யூஜினி ஸ்காட்.

"வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் பரிணாமம் மீறுகிறது" என்று சொல்லப் பத்து விநாடி போதும். வெளியிலிருந்து எதுவும் வராத அமைப்பில் ஒழுங்கின்மை குறையாது என்பதுதான் அந்த விதி, பூமி அப்படிப்பட்டது இல்லை, சூரியனிலிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது என்று புரியும்படி விளக்க இரண்டு நிமிடமாவது வேண்டும். அதற்குள் மீதிக் குற்றச்சாட்டுகள் வரிசையில் காத்திருக்கும். எல்லாவற்றையும் தொட்டுவிட நினைப்பவர் எதையும் முடிக்க மாட்டார்.

ஒன்றை எடுங்கள். உங்களுக்குச் சுலபமானதை எடுக்க வேண்டாம், அவர் அதிகம் அழுத்திச் சொன்னதை எடுங்கள். அதைக் கடைசிவரை பிரித்துக் காட்டிவிட்டு, "இதைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். நீதிமன்றத்தில் நடப்பது இதுதான். 2005-ல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்ற கருத்து) தரப்பின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி. அறிவியல் கோட்பாட்டுக்கு அவர் தந்த வரையறைப்படி ஜோதிடமும் அதில் சேருமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். சேரும் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த குற்றச்சாட்டுக்குத் தாவ அங்கே வழி இல்லை.

எதிராளியைப் பார்த்துச் சிரிப்பது

வேண்டாம். அவரை நம்புகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடவுளை மேடைக்கு இழுப்பது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான். மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்று செய்யும் சேதம் வராது.

ஒரு விவாதத்தில் ஓர் இளைஞர் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில், மனிதனின் இரண்டாம் குரோமோசோமைப் பற்றி மிக அழகாகப் பேசினார். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 24 ஜோடி, நமக்கு 23. மூதாதையிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் நம் வழியில் ஒட்டிக்கொண்டன. வழக்கமாக நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ தொடர், ஒட்டுப்போட்ட இடத்தில் நடுவிலேயே கிடக்கிறது. குரோமோசோமின் இடுப்பு போன்ற சென்ட்ரோமியர் வழக்கமாக ஒன்றுதான், இங்கே செயலிழந்த இரண்டாவதின் மிச்சமும் இருக்கிறது. அரங்கம் கூர்ந்து கேட்டது. எதிராளியிடம் பதில் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் அவர் நிதானமாகக் கேட்டார்: "அப்படியென்றால் கடவுள் இல்லை என்கிறீர்கள், சரிதானே?"

நம் இளைஞர் உற்சாகமாக "ஆமாம், இல்லை" என்றார். அதோடு விட்டாரா? மதங்கள் செய்த கொடுமைகளைப் பட்டியல் போட ஆரம்பித்தார். மீதி நேரம் முழுக்க வேதம், நரகம், ஒழுக்கம் என்றே ஓடியது. குரோமோசோமை அதன்பிறகு யாரும் தொடவில்லை. கலைந்து போனவர்கள் வாசலில் பேசிக்கொண்டதும் கடவுளைப் பற்றித்தான்.

அந்தக் கேள்வி எதிராளிக்கு என்ன வாங்கித் தருகிறது என்று பாருங்கள். பதில் சொல்ல முடியாத சான்றிலிருந்து தப்பிக்கிறார். இதுவரை அறிவியலைக் குறை சொன்னவர், இப்போது அரங்கில் இருப்பவர்களின் நம்பிக்கைக்குக் காவலர் ஆகிவிடுகிறார். இவை போதாதென்று, அவருடைய அடிப்படை வாதத்தை நீங்களே மெய்ப்பித்துக் கொடுக்கிறீர்கள். 'பரிணாமமா கடவுளா, ஒன்றைத் தேர்ந்தெடு' என்பதுதான் அவர் கடை விரிக்கும் சரக்கு. பக்தியுள்ள ஒருவரிடம் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதை எடுப்பார் என்று யோசிக்கக்கூட வேண்டாம்.

இத்தனைக்கும் அந்தச் சரக்கு பொய். நவீனப் பரிணாம உயிரியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸும் கிறிஸ்தவர். பள்ளிகளில் படைப்புவாதத்துக்குப் பரிணாமத்துக்கு ஈடாக நேரம் ஒதுக்கச் சொன்ன அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சட்டம் 1982-ல் செல்லாது என்று தீர்ப்பானது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது, கூடவே பல சபைகளின் ஆயர்களும் இருந்தார்கள். டோவரில் பரிணாமத்தின் தரப்பில் முதலில் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர். கையில் இத்தனையும் இருக்க, ஒருவர் அவசரப்பட்டு "ஆமாம், இல்லை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

நீங்கள் நாத்திகராக இருக்கலாம், அதை மறைக்கச் சொல்லவில்லை. இல்லாத பக்தியை நடிக்கவும் கூடாது, கூட்டம் உடனே கண்டுபிடித்துவிடும். "உங்கள் வேதத்திலேயே இப்படி இருக்கிறதே" என்று அவர்களுக்கே பாடம் எடுக்கவும் வேண்டாம், அந்த ஆட்டத்தில் அவர்கள் உங்களைவிடப் பழக்கப்பட்டவர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த ஆய்வுகளைச் செய்கிறார்கள், ஒரே முடிவுக்கு வருகிறார்கள். இரண்டாம் குரோமோசோமுக்கு உங்கள் விளக்கம் என்ன?" அவர் மறுபடி கடவுளுக்குப் போனால் நீங்கள் மறுபடி குரோமோசோமுக்குப் போங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

அழுகிய உதாரணத்துக்கு முட்டுக்கொடுப்பது

பில்ட்டவுன் மனிதன் என்று எதிராளி ஆரம்பித்ததும் புதியவர்களுக்கு வியர்க்கிறது. ஏன் மழுப்ப வேண்டும்? குரங்குக்கும் மனிதனுக்கும் நடுப்பட்ட மூதாதையின் எச்சம் என்று இங்கிலாந்தில் 1912-ல் அறிவிக்கப்பட்டது, 1953-ல் மோசடி என்று அம்பலமானது. அம்பலப்படுத்தியவர்கள் அறிவியலாளர்கள், எலும்பின் பழமையை ஒப்பிட உதவும் புளோரின் சோதனை உள்ளிட்ட அறிவியல் முறைகளால். ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கலின் கருவளர்ச்சிப் படங்களையும் அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள், வெவ்வேறு விலங்குகளின் கருக்களுக்கு இடையிலான ஒற்றுமையை அவர் மிகைப்படுத்தித்தான் வரைந்தார்.

புள்ளி அந்துப்பூச்சி விஷயம் வேறு. புகை படிந்த மரங்களில் கருநிறப் பூச்சிகள் பறவைகளிடமிருந்து தப்பிப் பெருகின என்ற, இயற்கைத் தேர்வுக்கான உதாரணம் அது. 1950-களில் கெட்டில்வெல் செய்த சோதனைகளின் முறையில் குறைகள் இருந்தது உண்மை. மைக்கேல் மஜெரஸ் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைத் திருத்தமாகத் திரும்பச் செய்தார். அவர் இறந்த பிறகு 2012-ல் முடிவு வெளியானது: பின்னணியோடு பொருந்தாத பூச்சிகளைப் பறவைகள் அதிகம் தின்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் கெட்டில்வெல்லுக்காகவே சண்டை போடுகிறார்கள்.

உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வி

முழு விடை இன்னும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, தோன்றிய உயிர் எப்படி மாறியது என்ற பேச்சுக்குத் திரும்புங்கள்.

டிக்டாலிக்கை 'நம் மூதாதை' என்பது

டிக்டாலிக், மீனுக்கும் நாலுகால் விலங்குகளுக்கும் நடுப்பட்ட ஒரு புதைபடிவ உயிர். அதன் படத்தைக் காட்டி "இதோ காணாமல்போன கண்ணி" என்றால், இப்போது ஒன்றுக்கு இரண்டு இடைவெளி ஆகிவிட்டதே என்பார் எதிராளி. போலந்தில் கிடைத்த, 2010-ல் அறிவிக்கப்பட்ட, நாலுகால் விலங்குகளுடையவை எனப்படும் காலடித் தடங்கள் டிக்டாலிக்கைவிடப் பழையவை. அதையும் எடுத்து வீசுவார். ஆகவே நேரடி மூதாதை என்று சொல்லாதீர்கள், அந்த வம்சத்தின் உறவினர் என்பதே சரி.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்லுங்கள். மீனுக்கும் நாலுகால் விலங்குகளுக்கும் நடுவே நிற்கும் உயிரின் எச்சம் எந்த வயதுப் பாறையில், எந்த மாதிரிப் படிவில் கிடைக்கக்கூடும் என்று புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபின் குழு முன்கூட்டியே கணித்தது. ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு பழைய ஆற்றுப் படிவுகளைத் தேடிக் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். 2004-ல் கிடைத்தது. தாடை, கழுத்து என்று விவரிப்பதைவிட இந்தத் தேடலைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

1860 ஆக்ஸ்போர்ட் கதை

அந்த ஆண்டு ஆக்ஸ்போர்டில் நடந்த விவாதத்தில், டார்வினின் ஆதரவாளர் ஹக்ஸ்லி, பரிணாமத்தை எதிர்த்த பிஷப் வில்பர்போர்ஸை மடக்கினார் என்று நாடகம் போடாதீர்கள். அங்கே பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை.

திருப்பிக் கேட்கப்படும் கேள்விக்குத் தயாராகாமல் வருவது

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில், அறிவியலை மக்களுக்கு விளக்கும் பில் நையும் படைப்புவாதி கென் ஹாமும் மோதினார்கள். உங்கள் மனதை எது மாற்றும் என்ற கேள்வி இருவருக்கும் வந்தது. வேதம் உண்மையில்லை என்று தன்னை யாரும் ஒருபோதும் நம்பவைக்க முடியாது என்றார் ஹாம். ஒரே ஒரு சான்று போதும் என்றார் நை. அன்றிலிருந்து நம் ஆட்கள் இதே கேள்வியை எதிராளியிடம் ஆசையாகக் கேட்கிறார்கள். "சரி, உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

'சான்று' என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. கேம்பிரியனுக்கு (பாலூட்டிகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முந்தைய காலம்) முந்தைய பாறையில், இடம் மாறி வந்து சேர்ந்ததல்ல என்று உறுதியான ஒரு முயலின் எலும்பு. அப்படிக் குறிப்பாக ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதைச் சொல்லிவிட்டு, இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.